முடியாதது, கூடாதது, செல்லாதது: சட்டத் தமிழில் ‘இல்லை’ படும் பாடு

வேலூர்ப் பக்கம் மாலைப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் பழகிப்போன வரி ஒன்று உண்டு: ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளில் வழக்குப் பதிந்து சிறையில் அடைத்தனர்.’ இதைப் படிக்கிறவர், உள்ளே போனவர் தீர்ப்பு வரும்வரை வரப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்கிறார். ஒரு மாதம் கழித்து அதே ஆள் காட்பாடி ரோட்டில் வண்டியில் போவதைப் பார்த்தால், “துட்டு குடுத்து வெளிய வந்துட்டான்பா” என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும். துட்டு கொடுத்தாரோ இல்லையோ, அவர் வெளியே வருவதைச் சட்டம் தடுக்கவே இல்லை. தடுத்தது பத்திரிகை எழுதிய ‘முடியாத’ என்ற ஒரு சொல்தான்.

வக்கீல்கள் ‘நான் பெயிலபிள்’ (non-bailable) என்பதைத்தான் பத்திரிகை இப்படி எழுதுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவானாலும் சரி, அதற்கு முன்பிருந்த 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டமானாலும் சரி, ஜாமீன் விஷயத்தில் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கின்றன. முதல் வகையில் ஜாமீன் கேட்பவரின் உரிமை. ஜாமீன் கொடுக்க ஆள் தயாராக இருந்தால் ஸ்டேஷனிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டாம் வகையில் அந்த உரிமை கிடையாது. கோர்ட்டில் மனு போட்டுக் கேட்க வேண்டும். நீதிபதி கொடுக்கலாம், மறுக்கலாம். ‘நான்’ என்ற முன்னொட்டு அங்கே ரத்து செய்வது உரிமையை மட்டும்தான். ஜாமீன் அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் பிரிவினை குற்றத்தின் கடுமையைக் காட்டும் அளவுகோலும் இல்லை. முதல்முறை செய்யும் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, ஆனால் பொதுவாக அது ஜாமீன் உரிமை இல்லாத குற்றம். ஒருவர் எலும்பை உடைத்துக் கொடுங்காயம் உண்டாக்கினால் ஏழு வருடம் வரை போகலாம், ஆனால் அது ஜாமீன் உரிமை உள்ள குற்றம். இது போதாதென்று, ‘வெளிவர முடியாத’ வழக்கிலும் போலீஸ் குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் முடிந்ததும் ஜாமீன் உரிமையாகவே வந்துவிடுகிறது. அப்போது நீதிபதிகூட மறுக்க முடியாது. அரசின் சட்டத் தமிழில் இதற்கு ‘பிணையில் விடத்தகாத குற்றம்’ என்று வைத்திருக்கிறார்கள். அதுவும் கொஞ்சம் ஓங்கித்தான் ஒலிக்கிறது. ‘கேட்டுப் பெற வேண்டிய ஜாமீன்’ என்று எழுதினால் நீளம், ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

எதிர்மறை வருகிற ஒவ்வொரு சட்டச் சொல்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. எது இல்லை, யாருக்கு இல்லை, எதுவரை இல்லை என்று கேட்காமல் வெறும் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டால், சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலோ பத்திர ஆபீசிலோ கையில் வாங்கும் காகிதத்தைப் பாதிதான் படித்ததாக ஆகும்.

நம் இலக்கண உரைகாரர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டார்கள். மறுப்பை இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்று இல்லாமல் இருப்பது இன்மை. அதுவாக இல்லாமல் வேறாக இருப்பது அன்மை. அதற்கு நேர் எதிராக நிற்பது மறுதலை. வடமொழிக்காரர்கள் ‘அ’ என்ற முன்னொட்டுக்கு மட்டும் ஆறு பொருள் சொன்னார்கள். அதில் சிறுமையும் தகாமையும்கூட உண்டு. அகால மரணம் என்றால் காலமே இல்லாத மரணம் இல்லை, தகாத காலத்தில் வந்த மரணம். அநீதி என்பது நீதி இல்லாத வெற்றிடம் இல்லை, நீதிக்கு எதிரே நிற்கிற ஒரு செயல். ‘குற்றமற்றவர்’ இன்மை, ‘இந்து அல்லாதவர்’ அன்மை, ‘சட்டவிரோதம்’ மறுதலை. மூன்றையும் ஒரே ‘இல்லை’க்குள் அடைக்க முடியாது.

வேலூரைச் சேர்த்த பழைய வட ஆற்காட்டில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். ஆற்காடு நவாபின் ஆட்சி 1801இல் கம்பெனியின் கைக்குப் போனது. ஆனால் கச்சேரி மொழி, அதாவது பாரசீகமும் அரபியும் கலந்த அலுவலக மொழி, போகவில்லை. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, ஜப்தி, ஜாமீன், வக்கீல், அமீனா, ரத்து எல்லாம் அந்த வழியாக வந்து இன்றும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மொழியின் மறுப்பு முன்னொட்டுகளும் சேர்ந்தே வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்தில் உருது பேசுகிறவர்களுக்கு அவை இன்னும் உயிருள்ள சொற்கள். மற்ற நமக்கு அவை பெரும்பாலும் வசவாகத்தான் தெரியும்.

பாரசீகத்தில் ‘பே’ என்றால் ‘இல்லாமல்’. பெயர்ச்சொல்லோடு சேரும், இன்மையைக் காட்டும். பேமானி என்று திட்டுகிறோமே, அது ஈமான், அதாவது நம்பகம் இல்லாதவன். பேவார்ஸ் என்பது வாரிசு இல்லாதது. சண்டையில் எறியும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு முழுச் சட்டம் இருக்கிறது. வாரிசே இல்லாமல் உயில் எழுதாமல் இறந்த இந்துவின் சொத்து, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி அரசுக்குப் போகும். அதுவும் சும்மா போகாது, இறந்தவருக்கு இருந்த கடன் பொறுப்புகளோடு சேர்ந்தே போகும்.

பினாமிக்குள் இருப்பதும் இதே ‘பே’தான். நாம் என்றால் பெயர், பேநாமி, பெயரில்லாதது. உண்மையில் பணம் போட்டவரின் பெயர் பத்திரத்தில் இல்லாத சொத்து. ஆனால் தமிழில் நாம் யாரைப் பினாமி என்கிறோம்? “அவரு இவரோட பினாமி” என்றால், பத்திரத்தில் பெயர் உள்ள ஆளைச் சொல்கிறோம். பெயர் உள்ளவனுக்குப் பெயரில்லாதவன் என்று பெயர்! 1988ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு, இதைக் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. சொத்து பினாமிச் சொத்து, பெயர் கொடுத்தவர் பினாமிதாரர், பின்னால் இருப்பவர் பலன்பெறும் உரிமையாளர்.

‘நா’ வேறு மாதிரி. அது அன்மைக்குப் பக்கம். பாலிக் என்றால் வயது வந்தவர், நாபாலிக் என்றால் மைனர். தாசில்தார், பட்டாதார், ஜமீன்தார் என்பவற்றில் வரும் ‘தார்’ ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் என்ற பொருள் தருவது. அதோடு ‘நா’ சேர்ந்தால் நாதார், கையில் ஒன்றும் இல்லாதவர். அவருடைய நிலைமை நாதாரி. கோர்ட் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர் வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளை வழி தருகிறது. அதைப் பழைய குமாஸ்தாக்கள் இன்னும் ‘பாப்பர் சூட்’ என்பார்கள். சட்டம் 1976இலேயே அந்தச் சொல்லை மாற்றிவிட்டது. ஏழ்மையைப் பற்றிய சட்டப் பேச்சிலிருந்து வசவுத் தொனியை எடுத்துவிட்டார்கள். தெருப்பேச்சில் நாதாரிக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாவது ‘கைர்’. அரபியில் ‘அது தவிர வேறு’ என்று பொருள். அசையாச் சொத்தை உருதுப் பத்திரங்களில் ‘கைர் மன்கூலா’ என்பார்கள், நகர்த்த முடியாதது. அந்த மன்கூலாவும் நம் ‘நகல்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது அந்த வேரின் பொருள். எழுத்தைக் கொண்டுபோனால் நகல், பண்டத்தைக் கொண்டுபோனால் அசையும் சொத்து. நகலுக்கு ஜோடியான அசலின் முதலில் உள்ள ‘அ’வைப் பார்த்து, ‘சல்’ என்பதற்கு எதிர்ச்சொல் அசல் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் வடமொழிச் சொற்களில் அந்த ஏமாற்றம் நடக்கிறது.

அபராதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ’வில் தொடங்குகிறது, ஆனால் மறுப்பு இல்லை, ‘அப’ என்ற வேறு முன்னொட்டு. குற்றம் என்பது அதன் பழைய பொருள். தமிழில் குற்றம் போய் அதற்குக் கட்டும் பணம் மட்டும் அபராதம் ஆகிவிட்டது. ஆனால் நிரபராதியில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. அபராதம் கட்டாதவர் நிரபராதி என்று யாரும் சொல்வதில்லையே. அனுபோகம், அனுபவ பாத்தியம் என்று பத்திரங்களில் வருவதில் உள்ள ‘அனு’வும் மறுப்பு இல்லை, ‘தொடர்ந்து’ என்ற பொருளில் வருவது.

‘நிர்’ என்றாலே இல்லாமை என்றும் நம்பிவிட முடியாது. நிரந்தரத் தடை உத்தரவு என்கிறோம். அந்தரம் என்றால் இடைவெளி, இடைவெளி இல்லாததால் நிரந்தரம். இங்கே மறுப்பு ஒளிந்திருக்கிறது. இடைக்காலத் தடையில் ‘இடை’ வெளிப்படையாகவே நிற்பதால் இரண்டும் நல்ல ஜோடி. ஆனால் நிர்ப்பந்தம்? பந்தம் என்றால் கட்டு. அப்படியானால் நிர்ப்பந்தம் கட்டில்லாத நிலை என்றல்லவா ஆக வேண்டும்? பொருளோ நேர்மாறு, இறுக்கிக் கட்டாயப்படுத்துவது. இங்கே ‘நிர்’ அழுத்தம் தர வந்திருக்கிறது. கிரயப் பத்திரம் ஒவ்வொன்றிலும் ‘யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி’ என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்க்கலாம்.

நிரபராதியைப் பற்றி ஒன்று. கோர்ட் ஒருவரை விடுதலை செய்யும்போது பெரும்பாலும் எழுதுவது, ‘அரசுத் தரப்பு குற்றச்சாட்டைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை’ என்பதைத்தான். அது நிரூபணத்தின் இன்மை. மறுநாள் செய்தியில் அது ‘நிரபராதி என்று தீர்ப்பு’ ஆகிவிடுகிறது. விசாரணைக்கே போகாமல் முதலிலேயே வழக்கிலிருந்து விடுவிப்பது வேறு, விசாரணை முடிந்து விடுதலை ஆவது வேறு. விடுவிக்கப்பட்டவர் மேல் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி நடவடிக்கை வரலாம். விடுதலையானவரை, தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறாதவரை, அதே குற்றத்துக்காக இரண்டாம் முறை விசாரிக்க முடியாது.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அதிகம் பேரைக் குழப்புவது இன்னொரு ஜோடி. ‘காக்னிசபிள்’ குற்றத்துக்குச் சட்டத் தமிழில் ‘பிடியாணை வேண்டாக் குற்றம்’ என்று பெயர். இங்கிலீஷில் மறுப்பு இல்லாத பக்கம் தமிழில் மறுப்பு வருகிறது. இங்கிலீஷில் ‘நான்’ போட்டிருக்கும் பக்கம் தமிழில் ‘பிடியாணை வேண்டும் குற்றம்’ என்று நேராக இருக்கிறது. ‘வேண்டா’ என்றதும் அது லேசான குற்றம் போலத் தோன்றும். உண்மை தலைகீழ். பிடியாணை வேண்டாததுதான் கடுமையானது. கோர்ட்டைக் கேட்காமலே போலீஸ் கைது செய்யலாம், விசாரிக்கலாம். ஒருவர் உங்களைக் கன்னத்தில் அறைந்து சிறு காயம் ஏற்படுத்தினால் அது பிடியாணை வேண்டும் வகை. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. “கம்ப்ளைன்ட் குடுத்தா எஃப்.ஐ.ஆர். போடலை, சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க” என்று வருத்தப்படுகிறவர்களில் ஒரு பகுதியினரின் கதை இதுதான். எல்லோருடைய கதையும் இது என்று சொல்ல மாட்டேன். போட வேண்டிய இடத்திலும் போடாமல் விடுவது நடக்கத்தான் செய்கிறது.

நிலத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் வழக்குகளில் பெரிய பங்கு நிலம்தான்.

கிராமக் கணக்கில் ‘அனாதீனம்’ என்று ஒரு வகைப்பாடு உண்டு. ஆதீனம் என்றால் ஒருவர் வசம், ஒருவர் கட்டுப்பாடு. அதோடு ‘அன்’ சேர்ந்து அனாதீனம், யார் வசமும் இல்லாதது. கணக்கெடுப்பின்போது உரிமைதாரர் யாரென்று தெரியாமல் போன நிலங்கள் இப்படிப் பதிவாகின. தாத்தா காலத்திலிருந்து பயிர் வைத்துவரும் நிலம் திடீரென்று ஆன்லைனில் அனாதீனம் என்று காட்டினால், ‘அநாதை நிலம்’ என்று படித்துவிட்டு, “அப்போ நம்ம பேருக்கு மாத்திக்கலாம்” என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘யார் வசமும் இல்லை’ என்று கணக்கில் இருந்தால் நடைமுறையில் அரசு அதைத் தன் நிலமாகத்தான் நடத்தும். அது உங்களுடையது என்று காட்ட வேண்டிய சுமை உங்கள் தலையில் விழுகிறது. பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, அடங்கல் நகல் எல்லாம் அப்போதுதான் தேடுவோம். பெட்டியில் கறையான் முந்திக்கொண்டிருக்கும்.

‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்ற ஜோடியும் அப்படித்தான். ஏற்படாத என்றால் வரி பாக்கி இல்லை என்று பொருள் இல்லை. சாகுபடிக்கு உதவாது என்று அந்த நிலத்துக்கு வரியே நிர்ணயிக்கவில்லை என்று பொருள்.

புறம்போக்கில் இன்னும் சுவாரசியம். அந்தச் சொல்லிலேயே மறுப்பு முன்னொட்டு எதுவும் கிடையாது. வரிக்கணக்குக்குப் புறத்தே போனது என்ற அளவில்தான் அது பிறந்தது. அதிலேயே ‘ஆட்சேபணையுள்ள புறம்போக்கு’, ‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’ என்று இரண்டு. வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதும்போது பலர், “பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் ஆட்சேபிக்கலை, ஊர்லயும் பிரச்சினை இல்லை” என்று சேர்த்து எழுதச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் சம்மதத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. ஏரி, குளம், வாய்க்கால், பாட்டை, மேய்க்கால், சுடுகாடு என்று பொதுப்பயன்பாட்டுக்கு ஒதுக்கியவை ஆட்சேபணையுள்ளவை. அரசுக்கு அப்படி எந்தப் பொதுத் தேவையும் இல்லாத இடம் ஆட்சேபணையற்றது. ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் பாலாற்றங்கரையோ ஏரிப் புறம்போக்கோ ஆட்சேபணையற்றதாக மாறாது. ஊரில் நாலு பேர் எதிர்த்தாலும் ஆட்சேபணையற்ற இடம் அந்தக் காரணத்தால் மட்டும் வகை மாறிவிடாது. ஏரியில் பல வருடமாகத் தண்ணீர் வரவில்லையே என்பது வட ஆற்காட்டில் அடிக்கடி கேட்கும் வாதம். கணக்கில் ஏரி என்று இருக்கும்வரை அது ஏரிதான்.

தடையில்லாச் சான்றும் இதே வகை. ஒரு துறை தடையில்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் துறைக்குத் தடையில்லை, அவ்வளவுதான். அனுமதி கொடுக்க வேண்டியது இன்னொரு துறை. தடையில்லாச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டியவர்கள் நிறைய.

அப்புறம் வில்லங்கச் சான்று. பெயரிலேயே வில்லங்கம், ஆனால் எல்லோரும் எதிர்பார்ப்பது ‘வில்லங்கம் எதுவும் இல்லை’ என்ற வரியை. வங்கிக்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டினால் வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். அந்த வரி சொல்வது எவ்வளவு என்று பாருங்கள்: நீங்கள் கேட்ட சர்வே எண்ணுக்கு, நீங்கள் கேட்ட வருடங்களுக்குள், அந்தச் சார் பதிவாளர் அலுவலகப் புத்தகங்களில் பதிவான பரிவர்த்தனை எதுவும் காணவில்லை. பதியாத எதுவும் அதில் வராது. உயிலைப் பதிய வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினை, பிறகு அதை நினைவுக்கு எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு எல்லாம் வெளியே நிற்கும். கேட்ட வருடத்துக்கு முந்தைய அடமானமும் வராது. சர்வே எண் உட்பிரிவு மாறியிருந்து நீங்கள் பழைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால், புதிய எண்ணில் உள்ளது வராமல் போகலாம். அதாவது ‘இல்லை’ என்பது நிலத்தைப் பற்றிய செய்தி இல்லை, தேடியதைப் பற்றிய செய்தி.

இனி ‘செல்லாது’. சட்டத் தமிழில் இவ்வளவு உழைக்கும் சொல் வேறு இல்லை. பழைய ரூபாய் நோட்டு, கள்ளக் கையெழுத்துப் பத்திரம், பதியாத ஒப்பந்தம், மைனர் போட்ட கையெழுத்து, மிரட்டி வாங்கிய பத்திரம் என எல்லாவற்றுக்கும் ‘அது செல்லாதுங்க’ என்று ஒரே பதில். சட்டத்தில் இவை வெவ்வேறு வீடு.

பதியாதது வேறு, செல்லாதது வேறு. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் வந்து தங்குகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் நிறைந்த இந்த ஊரில், 11 மாத வாடகை அக்ரிமென்ட் எழுதாத தெரு இல்லை. ஏன் 11? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதற்குள் நிறுத்திக்கொண்டால் பதிவுச் செலவு மிச்சம் என்ற கணக்கு. பதிய வேண்டியதைப் பதியாமல் விட்டால், அந்தச் சொத்தின் மேல் அது உரிமையைத் தராது, அந்த உரிமைக்குச் சாட்சியமாகவும் எடுக்க மாட்டார்கள். ஆனால் சட்டமே ஒரு சந்து விட்டிருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறார் என்பது போன்ற துணை விஷயத்துக்கு அதே காகிதத்தைக் காட்டலாம். முத்திரைத்தாள் குறைவு என்றால் இன்னும் எளிது. குறைந்த தொகையையும் தண்டத்தையும் கட்டினால் அது சாட்சியமாகிவிடும். இரண்டிலும் குற்றம் ஏதும் இல்லை, குறைதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த வாடகைச் சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று சொன்ன பிறகு, 11 மாதத் தந்திரத்தின் பழைய சாமர்த்தியம் பாதி போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

அடுத்து ‘வாய்டு’, ‘வாய்டபிள்’. முன்னதற்குச் சட்டத் தமிழில் இல்லாநிலை, பின்னதற்குத் தவிர்தகு என்பார்கள். இரண்டுக்கும் நாம் சொல்வது செல்லாது. முன்னது பிறக்கும்போதே இல்லாதது; பின்னது, பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்று சொல்லும்வரை முழு உயிரோடு இருப்பது. இந்த வித்தியாசத்தில் குடும்பங்கள் சொத்தை இழந்திருக்கின்றன, அதனால் ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

குடியாத்தம் பக்கம் ஒரு தாத்தா, எட்டு வயதுப் பேரன் பெயருக்கு அரை ஏக்கரைத் தான செட்டில்மென்ட் எழுதிவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலமாகிறார். பையனின் அப்பாவுக்குக் கடன் நெருக்கடி. ‘எனக்காகவும், என் மைனர் மகனுக்குக் கார்டியனாகவும்’ என்று எழுதி நிலத்தை விற்றுவிடுகிறார். மைனரின் சொத்தை இயற்கைக் காப்பாளர் விற்க வேண்டுமானால், 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. அவர் வாங்கவில்லை. ஊரில் எல்லோரும் சொல்வார்கள்: “மைனர் சொத்து, அனுமதி வாங்கலை, அது செல்லாது. பையன் எப்ப வேணா கேட்டு வாங்கிக்கலாம்.” இந்த ‘எப்ப வேணா’தான் ஆபத்து. அந்த விற்பனை தவிர்தகு வகை. பையன் 18 முடிந்து மூன்று வருடத்துக்குள் அதை மறுத்தாக வேண்டும். அதாவது 21 வயது முடிவதற்குள். மறுக்காமல் விட்டால், அனுமதியில்லாத அந்தப் பத்திரம் உறுதியாக நிலைத்துவிடும். பையன் சென்னையில் வேலைக்குப் போய், கல்யாணம் பேசும்போதுதான் நிலத்தைப் பற்றி விசாரித்தான் என்றால் காலம் கடந்துபோயிருக்கும்.

இதே நிலத்துக்குப் பையனே, பதினாறு வயதில், அப்பா சொன்னார் என்று தானாகக் கையெழுத்துப் போட்டு விற்றிருந்தால் கதை வேறு. மைனர் செய்யும் ஒப்பந்தம் இல்லாநிலை என்று 1903இலேயே, அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், மொஹரி பீபி வழக்கில் முடிவாகச் சொல்லிவிட்டது. அது இந்தியா முழுக்க இன்றும் நிற்கிறது. அங்கே உயிரே இல்லாததால் யாரும் அதை ஏற்று உயிர் கொடுக்கவும் முடியாது.

மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய பத்திரமும் தவிர்தகு வகையில்தான் சேரும். முன்னால் சொன்ன நிர்ப்பந்தத்தின் கனம் இங்கேதான். ‘நிர்ப்பந்தமின்றி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், பின்னால் நிர்ப்பந்தம் இருந்தது என்று தானே கோர்ட்டில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்து ரத்து செய்யும்வரை வாங்கியவர்தான் உரிமையாளர். பத்திர ஆபீசுக்குத் தனியாகப் போய், தானே ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பதும் வீண். முறையாக விற்ற நிலத்தை விற்றவர் ஒருதலையாக ரத்து செய்ய வழியில்லை.

தமிழுக்கென்று ஒரு குணம் உண்டு. இங்கே மறுப்பு முன்னால் வராது. செல்லா, அசையா, வேண்டா, விடா என்று சொல்லின் நடுவிலோ, ‘அன்று, இல்லை, ஆகாது’ என்று வாக்கியத்தின் கடைசியிலோதான் வந்து உட்காரும். ‘போதிய காரணம் இருந்ததென்று நீதிமன்றம் மனநிறைவடைந்தாலன்றி, குறித்த காலத்துக்குள் தாக்கல் செய்யப்படாத மனு ஏற்றுக்கொள்ளப்படுதல் ஆகாது’ என்ற மாதிரி ஒரு வரியில் மூன்று மறுப்பு: அன்றி, படாத, ஆகாது. அவசரத்தில் படிக்கிறவர் நடுவில் நின்றுவிட்டால் பொருள் கவிழ்ந்துவிடும். பழைய பத்திர எழுத்தர்கள் இம்மாதிரி வரியைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்துக் காட்டுவார்கள்: ஏற்க மாட்டார்கள், எதை? காலத்துக்குள் போடாததை, எப்போது ஏற்பார்கள்? காரணம் இருந்தால். சட்டப் புத்தகமும் இப்படி எழுதினால் குடியா முழுகிவிடும் என்று எனக்குத் தோன்றும்.

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் மறுப்பு இவை எல்லாவற்றிலும் விசேஷமானது. ‘மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் வியாஜ்ஜியமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன், அப்படி ஏதும் இருப்பதாகப் பின்னிட்டுத் தெரியவந்தால் என் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுக்கிறேன்.’ இல்லை என்று சொன்ன கையோடு, இருந்தால் என்ன செய்வது என்றும் எழுதுகிறார்கள். படிக்கும்போது, என்ன இது, இல்லாததற்கு எதற்கு ஏற்பாடு என்று சிரிப்பு வரும். அந்த முதல் ‘இல்லை’ ஒரு தகவலாக அங்கே வரவில்லை. விற்பவர் கொடுக்கும் வாக்குறுதியாக வருகிறது. பின்னால் ஒரு அடமானம் தலைகாட்டினால், பொய் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டிய தேவைகூட வாங்கியவருக்கு இல்லை. வாக்குறுதி தவறியது என்று காட்டி, தனக்கு நேர்ந்த நஷ்டத்தை விற்றவரிடம் கேட்கலாம். சில பத்திரங்களில் இந்த இரண்டாம் பாதியை இடம் போதவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவர் கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் எழுதித்தரச் சொல்ல வேண்டும்.